நாற்பத்தேழு இடங்களில் அக்காவின் பெயர்

எங்கள் மருத்துவமனையில் எல்லோரும் அவரைக் கிடங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேன் படங்களையும் எக்ஸ்ரே படங்களையும் சேர்த்து வைக்கும் கணினிகளுக்கு அவர்தான் பொறுப்பு. வேலைக்கு வந்த புதிதில் எக்ஸ்ரே டெக்னீஷியன், "நீங்க மேல உக்காந்து என்னதாம்மா பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். "கிடங்கு பாத்துக்கறேன்ணே" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதோடு அவருடைய பெயர் போயிற்று. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிடங்கு இரண்டாம் மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. இரும்பு அலமாரியில் ஏழு கணினிகள். அவற்றுக்காகப் போட்ட ஏசியில் மனிதர்கள் விறைத்துப்போவார்கள். அக்கா வருஷம் முழுக்க ஒரே பழுப்பு ஸ்வெட்டரில்தான் இருப்பார். ஒரு படம் வந்தால் அந்த ஏழும் அதைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி எடுத்து, மூன்று வெவ்வேறு கணினிகளில் வைத்துக்கொள்ளும். ஒன்று படுத்துவிட்டால் மற்ற ஆறும் தங்களுக்குள் பேசி, குறைந்துபோன பிரதிகளை வேறிடத்தில் எழுதிவிடும். எந்தக் கணினியையும் எந்த நேரத்திலும் கழற்றலாம், கீழே யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் ஏழு வருஷத்துக்கு முன் நிறுவியது அக்கா. வெறும் டிப்ளமோ. விவரம் பதிவு செய்யும் வேலைக்கு வந்தவர். வெளியிலிருந்து வந்த நிபுணர் பாதியில் விட்டுப் போன வேலையைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முடித்தவர்.

கிடங்கு இருந்தால் மட்டும் போதாது. வார்டு, அறுவை அரங்கு, ஆய்வகம், டாக்டர்களின் போன் என்று பல இடங்களிலிருந்து செயலிகள் வந்து படம் கேட்கும். ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அமைப்புக் கோப்பு வேண்டும். எந்த முகவரிக்குப் போவது, எந்தப் பயனர் பெயரைச் சொல்வது, அந்தப் பெயருக்கான ரகசியச் சாவி எது என்று அதில் நாலே வரிகள்தான். முதல் நாள் அக்கா ஒரு மாதிரிக் கோப்பு எழுதினார். மற்றவர்களுக்கான பயனர் பெயர்கள் அப்போது இன்னும் உருவாகவில்லை. வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று தன் பெயரையும் தன் சாவியையும் போட்டார். "இது மாதிரி மட்டுமே. உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவும்" என்று கோப்பின் முதல் வரியில் எழுதியும் வைத்தார்.

யார் போட்டுக்கொள்வார்கள்? அப்படியே நகல் எடுத்தால் உடனே படம் வருகிறது. பெயரை மாற்றினால் அனுமதிக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒருவர் எடுத்த நகலை இன்னொருவர் நகல் எடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன் அக்காவுக்கு உதவியாளாக நான் சேர்ந்த மாதத்தில் நானும் மூன்று இடங்களில் எடுத்தேன். தலைவரியைப் படித்தேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அக்காவின் கணவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ரயிலில் ஆறு மணி நேரம். மகள் அங்கேதான் பள்ளியில் சேர்ந்தாள், ஏழு வயது. அக்கா ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை போவார், திங்கள் காலை ஸ்டேஷனிலிருந்து நேராக வேலைக்கு வருவார். போன வருஷக் கடைசியில் அந்த ஊரிலேயே ஒரு கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. ராஜினாமா கொடுத்தார். மூன்று மாத அறிவிப்புக் காலம் முடிந்தது.

கடைசி நாள் காலை பதினொன்றே காலுக்குக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையை வாசல் காவலரிடம் ஒப்படைத்தார். விதிப்படி பணியாளர் பிரிவு அதிகாரி அவருடைய கணக்கை மூடினார். அக்கா ஆட்டோ பேசிக்கொண்டிருக்கும்போது என் மேஜை மேலிருந்த போன் அடித்தது. எடுப்பதற்குள் இன்னொன்று. ஆய்வகம், குழந்தைகள் வார்டு, எலும்பு முறிவுப் பிரிவு. அறுவை அரங்கிலிருந்து ஒரு டாக்டர், "படம் எங்கய்யா? நான் என்ன குத்துமதிப்பா வெட்டவா?" என்று கத்தினார். நான் படியில் ஓடினேன்.

"அக்கா, எல்லாம் நின்னுபோச்சு."

"எது?"

"எல்லாமேக்கா."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "என் கணக்கைத் திறக்கச் சொல்லு, ஓடு!" என்றார். அவர் உள்ளே வரக் காவலர் விடவில்லை. அட்டை இல்லையே. வருகை நோட்டில் எழுதி, 'பார்வையாளர்' என்ற மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார். "யாரைப் பாக்க வந்தீங்கன்னு போடட்டும்மா?" என்று வேறு கேட்டார்.

கணக்கு மூடியிருந்தது மொத்தம் இருபத்தொரு நிமிடம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அறுவை மேஜையில் படுத்திருந்த ஒரு நோயாளி திரும்ப வார்டுக்குப் போனார். அன்று மாலையே தலைமை டாக்டர் அக்காவின் விடுவிப்பு உத்தரவை நிறுத்தி வைத்தார்.

"என்னம்மா இது, மொத்த ஆஸ்பத்திரியும் உங்க பேர்ல ஓடுதா?"

"ஆமா சார்."

"இத்தனை நாளா சொல்லலையே."

"எனக்கே இன்னைக்குத்தான் சார் தெரியும்."

முழுக்க உண்மை இல்லை. சில செயலிகள் தன் பெயரில் வருவதை, யார் வந்து போனது என்று கிடங்கு எழுதிவைக்கும் பதிவேட்டில் அவர் முன்பே பார்த்திருக்கிறார். இரண்டோ மூன்றோ என்று நினைத்திருந்தார். என்னுடையவற்றைப் பற்றி அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சொன்னேன். "நீயுமாடா தம்பி?" என்றார், அவ்வளவுதான்.

கல்லூரியில் நான்கு வாரம் தவணை கொடுத்தார்கள், இனி கிடையாது என்று சொல்லிவிட்டு. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கட்டடம் கட்டடமாக நடந்தோம். கிடங்கிலிருந்தே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வார்டுக் கணினிகள் முந்நூறும் ஒரே வாசல் கணினி வழியாக வருவதால், எங்களுக்கு அந்த வாசலின் முகவரி மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு அறையாகப் போய், கோப்பைத் திறந்து, அக்காவின் பெயரை எடுத்துவிட்டு அந்தச் செயலிக்கென்று புதுப் பெயர் போட வேண்டும். யாரும் லேசில் தொடவிடவில்லை.

"ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்கும்மா நோண்டறீங்க?" என்றார் ஆய்வக மேற்பார்வையாளர்.

"என் பேர்ல ஓடுதுண்ணே."

"ஓடட்டுமே. நல்ல ராசியான பேருதான்."

பிணவறைக்காரர் மட்டும் மறுபேச்சில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்தார். "எடுத்துக்கோங்கம்மா. இங்க உங்க பேரு இருக்கவே கூடாது" என்றார். அக்கா அன்றுதான் சிரித்தார்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். அவரை ஒரு காலத்தில் ஆலையிலிருந்து நாற்பது பேரோடு ஒரே காகிதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். "அந்தப் பொண்ணு கொடுத்து வச்சவடா. அவ இல்லாம ஓடாதுன்னா அதைவிட என்ன வேணும்? நீயும் அப்படி ஆகணும்" என்றார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.  மறுநாள் மதியம் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லடா கண்ணு, அம்மா வேலையை விட்டாச்சு. விட்டுட்டேன், ஆனா இன்னும் விடல." அந்தப் பக்கம் குழந்தை என்ன கேட்டதோ, "அம்மாவுக்கும் புரியலடா" என்றார். அப்பாவை அங்கே கூட்டிவர முடிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

மூன்றாவது வார முடிவில் நாற்பத்தாறு இடம் மாற்றியாயிற்று. பதிவேட்டைப் பார்த்தோம். அக்காவின் பெயர் போய்விட்டது. தேநீர் வாங்கி வந்தேன். ஒரு மிடறு குடிப்பதற்குள் அவர் திரையைக் காட்டினார். ஒரே ஒரு வரி. அதே பெயர், வாசல் வழியாக. மூன்று நொடி இருந்துவிட்டுப் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்தது. எந்தப் படத்தையும் எடுக்கவில்லை, எதையும் வைக்கவில்லை. புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறது.

"யாருடா இது?" என்றார் அக்கா. கணினி வரியைப் பார்த்து 'யார்' என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆறு நாள் தேடினோம். முந்நூறு கணினிகளில் இருநூற்று இருபதைத் திறந்திருப்போம். அது மணிக்கொரு தரம் வந்தது, போனது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருடையது என்று தெரியாத இணைப்பை வெட்டிவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. அக்கா அனுமதி கேட்டார். "மறுபடி என் அறுவை அரங்குல விளையாடாதீங்கம்மா" என்று தலைமை டாக்டர் மறுத்துவிட்டார். கல்லூரியில் சேர வேண்டிய திங்கள்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தலைமை டாக்டரே ஒரு வழி சொன்னார். "நீங்க கிளம்புங்க. உங்க பேரு மட்டும் இங்க இருந்துட்டுப் போகட்டும்." பணியாளர் பிரிவு அதிகாரி உடனே கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். அக்கா கௌரவ ஆலோசகராகத் தொடர்வார், அவர் பெயரில் கிடங்கில் நடக்கும் அனைத்துக்கும் அவரே பொறுப்பு.

அக்கா இரண்டு முறை படித்தார். "சார், இந்தப் பேருக்குப் படத்தை அழிக்கிற உரிமையும் இருக்கு. நாளைக்கு யாரோ ஒருத்தர் இதுல நுழைஞ்சு அழிச்சா?"

"யாரும்மா அழிக்கப் போறா?"

"ஏழு வருஷமா யாருக்கெல்லாம் என் சாவி தெரியும்னே எனக்குத் தெரியல சார்."

  கையெழுத்துப் போட்டால் மகளிடம் போகலாம், ஆனால் இங்கே எவனோ செய்வதற்குக் காலமெல்லாம் பதில் சொல்ல வேண்டும். போடாவிட்டால் விடுவிப்பு இல்லை, அந்த வேலையும் போய்விடும். என் மனதில் இன்னொன்றும் ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் போடாமல் இருந்தால் அந்த ஏழு கணினிகளோடு நான் தனியாக இருக்க வேண்டியதில்லை.

அக்கா எழுந்து மேலே போனார். நானும் போனேன். தன் பெயரிலிருந்து எழுதும் உரிமையை எடுத்தார், அழிக்கும் உரிமையை எடுத்தார். படத்தைத் திறக்கும் உரிமையையும் எடுத்தார். பட்டியலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பிறகு காத்திருந்தோம். நாற்பது நிமிடத்தில் அந்த வரி வந்தது, பட்டியலைப் பார்த்தது, குறை சொல்லாமல் போய்விட்டது.

கீழே வந்து கடிதத்தில் பொறுப்பு என்ற வரியைப் பேனாவால் அடித்தார். அதன் கீழே, ஒரு மாதத்துக்கு மட்டும், அதன்பின் யாரையும் கேட்காமல் மூடிக்கொள்வேன் என்று எழுதினார்.

"யாரையும் கேக்காமன்னா? எப்படிம்மா?" என்றார் தலைமை டாக்டர்.

"என் பேரைத்தானே சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஞாயிறு காலை ரயிலில் அக்கா போனார்.

அந்த ஒரு மாதமும் நான் மீதி எண்பது கணினிகளைத் தேடி முடித்தேன். கிடைக்கவில்லை. அக்கா தினமும் வேலை முடிந்ததும் கூப்பிடுவார். "வந்துச்சா?" என்பார். "வந்துச்சுக்கா" என்பேன். அங்கே போயும் அவர் எங்கள் கிடங்கின் கடிகாரப்படிதான் இருந்தார். முப்பதாம் நாள் மதியம் கூப்பிட்டார்.

"மூடிடு."

அங்கிருந்து அவரால் தொட முடியாது, நான்தான் செய்ய வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்க்கா. ஏதாவது முக்கியமானதா இருந்து, சத்தமே போடாம நின்னுபோச்சுன்னா?"

"இருக்கலாம்."

"அப்புறம் நான் தனியா என்ன பண்ணுவேன்?"

"தேடுவ. நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன். வேற என்ன, எனக்கு மந்திரமா தெரியும்?" என்றார். "தம்பி, நேத்து என் பொண்ணு கேக்கறா, யாரை 'வந்துச்சா'ன்னு தினம் கேக்கறீங்கம்மான்னு. அவளுக்கு நான் என்ன சொல்ல?"

பெயரை மூடும் கட்டளையை அடித்தேன். உறுதியா என்று கேட்டது. ஆம் என்றேன். அடுத்த மணி அந்த வரி வந்தது, மறுக்கப்பட்டது. போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. மூன்று நாள் ஒவ்வொரு வார்டாகப் போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நான்காம் நாள் வரவேற்பு மேஜைப் பெண் பிடித்துக்கொண்டாள். "சார், அந்த டிவில 'இணைப்பு இல்லை'ன்னு நாலு நாளா ஓடுது. எந்த இணைப்பு, கரண்டா கேஸான்னு வர்றவங்க எல்லாம் என்னைக் கேக்கறாங்க." தலைக்கு மேலே மாட்டியிருந்த பெரிய டிவியைப் பார்த்தேன். 'நல்வரவு' என்று கைகூப்பிய படம், அதன் மேல் அந்த எழுத்து. டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கணினி ஒட்டியிருந்தது. அதை நாங்கள் கணினியென்றே எண்ணவில்லை. போடுவதற்குப் புதுப் படம் வந்திருக்கிறதா என்று மணிக்கொரு முறை கிடங்கைக் கேட்டிருக்கிறது. ஆறு வருஷமாக யாரும் புதுப் படம் வைக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். 

"நல்வரவா?"

"ஆமாக்கா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா. இந்த வாரம் ஆறாவது கணினியில ஒரு டிஸ்க் மாத்தணும், அதை எப்படின்னு..."

"ஸ்கூல் விடற நேரம் தம்பி" என்றார். மூன்று வருஷத்தில் அவர் முதலில் போனை வைத்தது அன்றுதான்.