நாற்பதாவது அட்டை

சவுக்குத்தோப்பு காலனியைப் பற்றி யாருக்கு எந்த விவரம் வேண்டுமென்றாலும் ஜெபசிங்கைத்தான் கேட்க வேண்டும். மேற்கே ஈ.சி.ஆர்., கிழக்கே மணல்மேடு, மேட்டுக்கு அப்பால் கடல், வடக்கே சவுக்குத் தோப்பு, தெற்கே ஒரு ரிசார்ட்டின் மதில். வீடு நாற்பது, ஆள் நூற்று அறுபத்து மூன்று, கிணறு இரண்டு. எட்டடியில் நல்ல தண்ணீர், பன்னிரண்டுக்குப் போனால் உப்பு. ரோட்டிலிருந்து முதல் வீட்டுக்கு அறுநூற்று இருபது மீட்டர், அத்தனையும் மணல். பைக் புதையும், ஆட்டோ வராது. கேஸ் சிலிண்டரை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவரவர்தான் உருட்டிக்கொண்டு வர வேண்டும். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'பாலைவனம்'. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் அங்கே பத்தடி நடந்தவர்கள் அந்தப் பெயரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம் ஒரே தாளில் 'ஊர் விவரம்' என்று எழுதி, ரோடு கேட்டு ஐந்து வருடமாக மனுவோடு இணைத்து அனுப்பிக்கொண்டிருந்தவன் ஜெபசிங். வயது நாற்பத்தாறு. அணுபுரம் டவுன்ஷிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த ஸ்டோர் கீப்பர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். மகன் பேனா பிடித்துப் பிழைக்கிறான் என்பதில் காலனிக்கே பெருமை.

காலனியில் இருப்பதுதான் அவனுக்குப் பெருமையாக இல்லை. கம்பெனியில் எந்த ஊர் என்று கேட்டால் "அணுபுரம்" என்பான். ஒரு தடவை எவனோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, "பாலைவனமா? ஒட்டகம் வளக்கறீங்களா?" என்றபோது மற்றவர்களோடு சேர்ந்து இவனும் சிரித்தான். ஒட்டகம்கூடப் பரவாயில்லை. முகவரியில் 'காலனி' என்ற சொல்லைப் படித்ததும் எதிரில் இருப்பவர் முகம் லேசாக மாறுமே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மகள் ஜாய்ஸைப் பெரிய ஸ்கூலில் சேர்த்த வருடம், அணுபுரத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த மச்சான் ஆல்வின் வீட்டு முகவரிக்குத் தன் குடும்ப அட்டையை மாற்றிக்கொண்டான். ரேஷன் அரிசியை வேலை முடிந்து வரும்போது அங்கிருந்தே பையில் வாங்கி வருவான். மனைவி ஹெலனைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

போன பங்குனியில் ரோட்டு மனுவைப் பார்த்து ஓவர்சியர் வந்தார். தோப்பு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபைலைப் புரட்டினார்.

"நாப்பது ரேஷன் கார்டு இருந்தாத்தான் இந்தத் திட்டத்துல ரோடு. நீங்க நாப்பது வீடுன்னு எழுதியிருக்கீங்க. எங்க ரெக்கார்டுல முப்பத்தொம்போதுதான் இருக்கு. ஒண்ணு வேற ஊருக்குப் போயிருக்கு, பேரு இதுல இல்ல. யாருதுன்னு பாத்து மாசக் கடைசிக்குள்ள மாத்திக் கொண்டாங்க. இல்லன்னா ரோடு அடுத்த ஊருக்குப் போயிடும்."

அது ஜெபசிங்கின் அட்டை. மனுவில் வீட்டை எண்ணினவன் அட்டையை எண்ணவில்லை. காலனித் தலைவர் வரதன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "யார்துப்பா?" என்று கேட்டார். வாயைத் திறப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. எங்கள் ஆள் பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றான்.

அதற்குள் கூட்டத்தில் நின்ற ஜெகதாம்பாள் கண்டுபிடித்துவிட்டாள். "வேற யாரு, செங்கம்மாதான். மாசத்துல பாதி நாளு கூடுவாஞ்சேரில பொண்ணு வூட்லதான கீறா. அங்கியே மாத்திகினு இருப்பா."

செங்கம்மாள் ரிசார்ட்டில் துணி துவைப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லை. அவளால் அடித்துப் பேச முடியவில்லை. "மருமவன் ஒருக்கா கார்டு, ஆதாரு அல்லாம் வாங்கிகினு போனாரு. எங்கியோ கைநாட்டு வெக்கச் சொன்னாரு, வெச்சேன். இன்னா ஏதுன்னு எனக்குத் தெரியலியே" என்று தடுமாறினாள். அவ்வளவுதான், ஊர் முடிவு கட்டிவிட்டது.

"போய் சொல்லிடு" என்றாள் ஹெலன், அன்று வீட்டில்.

"மொதல்ல கார்ட மாத்திட்றேன். அப்பால பேச்சே வராது."

மறுநாளே லீவு போட்டு, அட்டையைக் காலனிக்கே மாற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தான். ஒரே வாரத்தில் மாறியும்விட்டது. ரோடு வந்துவிடும், செங்கம்மாள்தான் திருப்பி மாற்றினாள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும், அவள் பெயர் கொஞ்சம் கெடும், போகப்போகச் சரியாகிவிடும். இப்படி ஒரு கணக்குப் போட்டான், வெட்கங்கெட்டவன்.

ஆனால் வெட்கம் கெடவில்லை, அதுதான் தொல்லை. கிணற்றடிக்குச் செங்கம்மாள் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது என்று ஹெலன் வந்து சொல்லுவாள். அவன் பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிடுவான். ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது செங்கம்மாள் மணலில் தனியாகச் சிலிண்டர் உருட்டிக்கொண்டிருந்தாள். அது ஓரடி போகும், அரையடி திரும்பி வரும். மற்ற நாளாக இருந்தால் நாலு பேர் கைகொடுத்திருப்பார்கள். ஜெபசிங் அவளைப் பார்க்காததுபோலத் தோப்புக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். போகும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திரும்பி மட்டும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே அவன் வீட்டுக்கு வந்தாள்.

"ஜெபசிங்கு, ஒரு லெட்டர் எழுதிக் குடு. மருமவன் போன எடுக்க மாட்டேங்கறாரு. எப்டியும் என் தப்புதான். ஊரு மன்னிக்கணும்னு எழுது. வரதண்ணன் கையில குட்த்துட்றேன்."

அவன் தாளை எடுத்தான். 'செங்கம்மாள் ஆகிய நான்' என்று எழுதினான். அதற்குமேல் கை ஓடவில்லை. "நல்லா பணிவா எழுது, இன்னா?" என்றாள் அவள். அடுப்படியிலிருந்து ஹெலன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தான். இரண்டாவது தாள் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"படி, கேக்கறேன்."

"ஜெபசிங் ஆகிய நான் எழுதுவது. வேறு ஊருக்குப் போனது என் குடும்ப அட்டை. செங்கம்மாளின் அட்டை எங்கும் போகவில்லை. என் முகவரியில் காலனி என்று வருவது எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் மாற்றிக்கொண்டேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். ஊர் என்னை மன்னிக்க வேண்டும்."

செங்கம்மாள் திட்டவில்லை. எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வா. கெணத்தாண்ட அல்லாரும் கீறாங்க. அங்க வந்து படி."

போனான். குடமும் கையுமாக எட்டுப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். தாளைப் பிரித்துப் படித்தான். தன் அட்டை என்ற இடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. வெட்கமாக இருந்தது என்ற இடத்தில் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இருந்தாலும் விடாமல் முடித்தான். ஜெகதாம்பாள் செங்கம்மாளைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். யாரும் ரோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. தானாகவே சொன்னான்: "கார்ட மாத்திட்டேன். ரோடு வந்துடும்."

செங்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். கோபமாகக்கூட இல்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"காலனின்னா நாங்கதான ஜெபசிங்கு?"

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா" என்றான்.