சோசிமா குழைத்த சாந்து

எங்கள் கான்ஸ்டான்டினோப்பிளில் புது ஆளைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி, நீ நீலமா பச்சையா என்பதுதான். தேர்ப்பந்தயத்தில் அவன் எந்த நிறத்துக்காகக் கத்துகிறான் என்று தெரிந்தால் போதும். யார் வீட்டில் பெண் எடுப்பான், யாரோடு கைகலப்பான் என்பதெல்லாம் தானே விளங்கிவிடும். சோசிமாவிடம் மட்டும் அந்தக் கேள்வி செல்லாது. அவள் நீல வீட்டில் பிறந்து பச்சை வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் இரண்டு பக்கத்திலும் அவளுக்கு ஏச்சுத்தான்.

அவளுடைய அப்பா நிலத்தடி நீர்த்தொட்டிகளுக்குக் காரை பூசுகிறவர். சின்ன வயதிலேயே மகளைத் தொட்டிக்குள் இறக்கி வேலை வாங்கினார். சுண்ணாம்பு நீற்றுவதும் செங்கல்லை இடித்துச் சலிப்பதும் அவளுக்கு விளையாட்டுப்போல வந்தன. சாந்தை விரலில் தொட்டுப் பார்த்தே, இது நிற்கும், இது உதிரும் என்று சொல்லிவிடுவாள். பிறகு கயிறு திரிக்கிற அகாகியைக் கட்டிக்கொண்டு பச்சைக்காரர்கள் தெருவுக்குப் போனாள். அகாகி தங்கமானவன். பந்தயத்தன்று மட்டும் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் நீலக் கட்சிக் கொத்தன். அவள் பிறந்த வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது.

ஒரு ஜனவரி மாதக் கடைசியில் பூமி குலுங்கியது. நகரத்தின் மேற்கு மதில் மணல்மேடுபோலச் சரிந்தது. ஐம்பத்தேழு கோபுரங்கள் மண்ணோடு மண்ணாயின. சனங்கள் வெட்டவெளியில் நின்று, இரங்கும் ஆண்டவரே என்று நாள்கணக்கில் அழுதார்கள். அழுது முடிப்பதற்குள் அடுத்த சேதி வந்தது. வடக்கே ஹூணர்கள் குதிரையேறிவிட்டார்கள். எதிரில் பட்ட ஊரையெல்லாம் எரித்துக்கொண்டு வருகிறார்கள்.

நகர ஆளுநர் இரண்டு கட்சிக்காரர்களையும் கூப்பிட்டார். மதிலை நடுவாசலில் இரண்டாகப் பிரித்தார். வாசலுக்கு வடக்கே நீலம், தெற்கே கடல்வரை பச்சை. இடிந்ததைத் திருப்பி நிறுத்தி, அதற்கு முன்னால் இன்னொரு மதிலும் எழுப்ப அறுபது நாள் கெடு. கட்சியில் பெயர் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் வர வேண்டும்.

நிலநடுக்கத்தில் உத்தரம் விழுந்து அகாகியின் கால் முறிந்திருந்தது. சோசிமா முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பச்சைக்காரர்கள் பக்கம் போய் நின்றாள். அங்கே மேஸ்திரி எர்மோலா. கல்லுளிபோன்ற மூக்கும் அதைவிடக் கூரான நாக்கும் உள்ள கிழவர்.

“யாரும்மா நீ? இங்க என்ன வேலை?”

“அகாகி பொண்டாட்டிங்க. அவருக்குக் கால் ஒடஞ்சு கெடக்கு. அவரு பேருக்கு நான் வந்திருக்கேன்.”

“நீலக்காரன் மவதானே? மதிலைக் கட்ட வந்தியா, கவுக்க வந்தியா?”

“கவுக்கறதுக்கு நான் எதுக்கு மேஸ்திரி? உங்க சாந்தே போதும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எர்மோலாவுக்குச் சுருக்கென்றது. அவளைச் சாந்துக்குழி வேலைக்குத் தள்ளினார். அவள் விரும்பிய இடமும் அதுதான்.

அங்கே சுண்ணாம்பையும் ஆற்றுமணலையும் குழைத்துக்கொண்டிருந்தார்கள். கோடையாக இருந்தால் குற்றமில்லை. அப்போது பனியும் மழையும் மாறி மாறி அடித்த காலம். ஈரத்தில் மணல்சாந்து இறுகாது. உறைபனி பிடித்தால் பொடிப்பொடியாகிவிடும். செங்கல்தூள் கலந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும். அவள் இதை மேஸ்திரியிடம் போய்ச் சொன்னாள்.

“தொட்டிக்குப் பூசறதை மதிலுக்குப் பூசச் சொல்றியா? ஹூணன் என்ன நீந்தியா வரப்போறான்?” என்றார் அவர்.

அவள் குழிக்குத் திரும்பினாள். மணல்சாந்தில் ஓர் உருண்டை, செங்கல்தூள் சாந்தில் ஓர் உருண்டை பிடித்துக் குழிக்கரையில் வைத்தாள்.

பத்தாம் நாள் காலையில் எங்கள் நீலப் பக்கத்தில் இரண்டு ஆள் உயரம் எழும்பியிருந்த மதில்முகம் அப்படியே வழிந்து இறங்கியது. முந்தைய நாள் நான் வைத்த கற்கள். நல்லவேளை, கீழே யாரும் இல்லை. கல்லை எடுத்துப் பார்த்தால் சாந்து ஈரமாவுபோல ஒட்டிக்கொண்டு வந்தது. பச்சைக்காரர்கள் சாரத்தின்மேல் ஏறி நின்று ஊளையிட்டார்கள். “என்னப்பா, நீலக்காரங்க மதிலு தூங்கப் போயிருச்சா?” என்று ஒருவன் கத்தினான்.

எர்மோலா மட்டும் சிரிக்கவில்லை. தன் சாந்தும் அதே சாந்துதான் என்பது அவருக்குத் தெரியும். நேரே குழிக்கு நடந்தார். சோசிமா ஒரு வாளித் தண்ணீரை அவர் முன்னால் வைத்து, உருண்டைகள் இரண்டையும் உள்ளே போட்டாள். மணல் உருண்டை கண்முன்னே கலங்கிக் கரைந்தது. மற்றதை அவர் வெளியே எடுத்தார். அழுத்தினார். கல்லில் ஓங்கி அடித்தார். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது, அவ்வளவுதான்.

எர்மோலா தலைப்பாகையைக் கழற்றிக் கையைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு பெரிய மதிலுக்குச் செங்கல்தூளுக்கு எங்க போறது?” என்று கேட்டார்.

“ஊரே இடிஞ்சு கெடக்குது மேஸ்திரி. தெருத்தெருவா ஓடும் செங்கல்லும்தான். இடிக்கறதுக்குப் பொம்பளைங்க இருக்கோம்.”

அன்று மாலைக்குள் பச்சைத் தெருக்கள் அத்தனையிலும் உலக்கைச் சத்தம் கேட்டது. சமையலறை உரல், மருந்துக்கடைக் கல்வம் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. சோசிமா தன் வீட்டுக் கூரையோட்டைத்தான் முதலில் இடித்துப் போட்டாள். படுத்திருந்த அகாகியின் மடியிலும் ஒரு சல்லடையைக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் ஆட்கள் இன்னும் மணலைத்தான் குழைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தை விட்டு நடுவாசலைத் தாண்டிப் போனேன்.

“தங்கச்சி, அளவைச் சொல்லு.”

அவள் ஒளிக்கவில்லை. சுண்ணாம்பு ஒரு பங்கு, பொடித்த செங்கல் இரண்டு பங்கு, பொடியாகாத செங்கல் நொறுங்கல் ஒரு பங்கு என்று தன் கையால் குழைத்தே காட்டினாள். மறுநாள் எங்கள் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்க வடக்கே வந்தாள். பச்சைக்காரர்கள் கொதித்தார்கள். ஒருத்தன் அவளை வழிமறித்து, “புத்தியைக் காட்டிட்டியே. அப்பன் வீட்டுக்குத் தூக்கிக் குடுக்கற பாத்தியா?” என்றான்.

“ஹூணன் வந்து, இது நீல ஓட்டையா பச்சை ஓட்டையான்னு விசாரிச்சுட்டா நுழைவான்? வழியை விடு. சாந்து காயுது.”

அதன் பிறகு வேலை பறந்தது. அவர்கள் ஒரு வரிசை ஏற்றினால் நாங்கள் ஒன்றரை வரிசை ஏற்றினோம். தவக்காலம் வந்தது. மீன் இல்லை, பாலாடை இல்லை. ஊறவைத்த கடலையும் ஆலிவும் ரொட்டியும் தின்றுகொண்டு கல் சுமந்தோம். உடம்பு இளைத்தது, மதில் கொழுத்தது.

ஐம்பத்திரண்டாம் நாள் இரண்டு பக்கத்து வேலையும் நடுவாசல் கோபுரத்தில் சந்தித்தது. அங்கேதான் வினை. எங்கள் பக்கத்துக் கற்களை நாங்கள் நேர்கோடாக நிறுத்தினோம். அவர்களும் அப்படியே நிறுத்தினார்கள். நீலக் கல் பச்சைக் கல்லோடு கலக்கக்கூடாது என்பது இரண்டு பக்கத்து வீம்பு. ஒரே கோபுரம், நடுவில் உச்சிமுதல் அடிவரை ஒரு கோடு. அடுத்த அதிர்ச்சிக்கு அந்தக் கோடு வாயைப் பிளந்துவிடும் என்பது அங்கே இருந்த ஒவ்வொரு கொத்தனுக்கும் தெரியும். ஒருவனும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

சோசிமா வந்து பார்த்தாள். இடைவெளிக்குள் ஏறி, ஒரு காலை நீலக் கல்லிலும் மறு காலைப் பச்சைக் கல்லிலும் ஊன்றி நின்றாள்.

“ரெண்டு பக்கத்துக் கல்லும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகட்டும். போற வரைக்கும் சாந்து கெடையாது,” என்றாள்.

“இறங்கும்மா. இது ஆம்பளைங்க வேலை,” என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“சரி. சாந்து இல்லாம ஆம்பளைங்க கட்டுங்க, பாக்கறேன்.”

கீழே நின்ற பெண்கள் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், நீலத்தெருப் பெண்களும் பச்சைத்தெருப் பெண்களும் ஒன்றாக. உரல் ஓய்ந்ததும் மதில் முழுக்க ஓய்ந்தது. அந்த அமைதி எங்களைப் பிடுங்கித் தின்றது. வேலை நின்று உச்சிவெயிலும் வந்துவிட்டது. கெடுவுக்கு எட்டே நாள்.

கடைசியில் எர்மோலா எழுந்தார். ஒரு நீளக்கல்லைத் தானே புரட்டிக்கொண்டு வந்து, பாதி அவர்கள் வரிசையிலும் பாதி எங்கள் வரிசையிலும் படியும்படி வைத்தார். தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்னடா நீலம், பாத்துக்கிட்டே நிக்கற? மேல உன் கல்லை வை.”

வைத்தேன். சோசிமா இறங்கி வந்து அதற்குச் சாந்து போட்டாள். பின்னால் ஒரே ஆரவாரம். யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியவில்லை. எந்த நிறத்தின் பெயரும் அதில் இல்லை.

அறுபதாம் நாள் பிற்பகல் கடைசிக் கல் ஏறியது. இருந்த மதிலைத் திருப்பி நிறுத்தியதோடு, அதற்கு முன்னால் இன்னொரு மதிலும் எழும்பியிருந்தது. அகாகியைக் கதவுப்பலகையில் கிடத்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இரண்டு பேர் நீலம், இரண்டு பேர் பச்சை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்து அவன் சொன்னான்: “எங்க வீட்டுக் கூரை எவ்வளவு ஒசரத்துல இருக்குது பாருங்கடா.”

ஹூணர்கள் வராமல் இல்லை. வெயில் ஏறிய ஒரு நாள் சமவெளியின் விளிம்பில் அவர்களுடைய குதிரைகளைக் கண்டோம். இடிந்து கிடக்கிற நகரம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். மதிலின் நீளத்துக்கு ஒரு முறை குதிரையை நடத்தினார்கள். திரும்பி ஒரு முறை நடத்தினார்கள். பிறகு புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள். சோசிமா என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு அம்புகூட விடலியே,” என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

வாசலின்மேல் ஆளுநர் பெயரைப் பொறித்தார்கள். அவள் பெயரைப் பொறிக்கவில்லை. எழுத்து தெரியாததால் அதைப் பற்றி அவள் கவலைப்படவுமில்லை. ஆனால் காரைக்காரர்கள் சங்கம் அவளை அழைத்து மேஸ்திரிக் கோலைக் கொடுத்தது. அதுவரை எந்தப் பெண் கையிலும் அது இருந்ததில்லை. வேண்டாம் என்று முணுமுணுத்த இரண்டு பேரை எர்மோலா ஒரு பார்வையில் உட்கார வைத்தார்.

இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. நகரத்தின் பிறந்தநாள் மே மாதத்தில் வரும். அன்று தொழிற்சங்கங்கள் ஊர்வலம் போகும்போது காரைக்காரர்களுக்கு முன்னால் அவள்தான் நடக்கிறாள், கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே. இந்த ஆண்டு பெருந்தெருவில் அவள் வந்தபோது நீலக் கட்சிக்காரர்கள் ஒரு பக்கமும் பச்சைக் கட்சிக்காரர்கள் மறுபக்கமும் நின்றிருந்தார்கள். மதில் கட்டியபோது பிறந்திராத பிள்ளைகள். “மேஸ்திரியம்மா வாழ்க,” என்று இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவள் நிற்கவில்லை. கையை உயர்த்தி இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே நடந்தாள்.