ஜேசுதாசன் எடுத்த சங்கு

ஜெஸ்மி வலைத்தளம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டது கோபத்தால். ஆர்வத்தால் கற்பவர்கள் பாதியில் விட்டுவிடுவதுண்டு. கோபத்துக்கு அந்த வசதி கிடையாது.

கோபம் வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. வகுப்புத் தோழி ஒருத்தி போனில் ஒரு வெளிநாட்டுப் பயணத் தளத்தைக் காட்டினாள். அதில் ஜெஸ்மியின் அப்பா ஜேசுதாசன் கழுத்தளவு தண்ணீரில் நின்று, ஒரு கையில் சங்கைத் தூக்கிப் பிடித்து, உப்பில் சிவந்த கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘முத்துக்குளிக்கும் முதியவர்’. ஜேசுதாசனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. முத்தை அவர் பார்த்ததெல்லாம் நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடத்துக்கு மேலாகிறது. இந்த ஊரில் முத்து என்பது இப்போது ஒரு ரயிலுக்கும் சில லாட்ஜுகளுக்கும் பெயர். கடற்கரையோரத் திரேஸ்புரத்துக்காரர்கள் கடலில் முங்கி எடுப்பது சங்கு.

வீட்டில் வந்து காட்டினாள். ஜேசுதாசன் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“முதியவர்னா போட்டிருக்கான்? கண்ணு தெரியாத பயலா இருப்பான்.”

“உங்க பேரைக்கூடப் போடலப்பா.”

“அவன் கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. பேரு போட்டா சங்கு தானா வந்து பையில விழுந்துருமாக்கும்.”

ஜெஸ்மி அந்தத் தளத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றுக்கும் ஒரே பதில், இயந்திரம் போட்டது: தங்கள் அன்பான கடிதத்துக்கு நன்றி. பதிலே வராமல் இருந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பாள். அந்த நன்றிதான் அவளைக் கொதிக்க வைத்தது. அவர்கள் திருத்தாவிட்டால் போகிறது, அதே படத்தைப் பெயரோடு தானே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். எப்படிப் போடுவது என்று தெரியாது என்பது அப்போது அவளுக்குச் சின்ன விஷயமாகத்தான் பட்டது.

பதினோராம் வகுப்பில் கணிப்பொறிப் பிரிவில் இடமில்லை என்று வணிகவியலில் சேர்த்துவிட்டார்கள். அதனால் கணிப்பொறியை அவள் வீட்டில் படித்தாள். அண்ணன் பெனிஸ்டன் கப்பல் வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற அரசாங்க இலவச மடிக்கணினி இருந்தது. அதில் அரைப்புள்ளிப் பொத்தான் வேலை செய்யாது. வலைப்பக்கத்தின் நிறத்தையும் அளவையும் எழுதும்போதோ, ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி வைத்தாக வேண்டும். எங்கிருந்தோ ஒரே ஒரு அரைப்புள்ளியை நகலெடுத்து, அதையே ஆயிரக்கணக்கான முறை ஒட்டினாள். எந்தப் பக்கத்தையும் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம் எனத் தெரிந்த அன்று, முதலில் திறந்து பார்த்தது அந்தப் பயணத் தளத்தைத்தான். அப்பா படத்தின் கீழே ஒரு வரியை எப்படி நிறுத்துவது என்பதை, அப்பாவுக்கு முதியவர் என்று பெயர் வைத்தவனிடமிருந்தே கற்றுக்கொண்டாள்.

நான்கு மாதத்தில் ஒரு பக்கம் தயாரானது. படம், அதன் கீழே: ‘ஜேசுதாசன். வயது 43. திரேஸ்புரம். சங்கு எடுப்பவர்.’ முதல் வாரத்தில் ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஏழு பேர் ஜெஸ்மி.

எட்டாவது ஆள் யார் என்று தெரியாது. ஒன்பதாவது ஆள் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில் மூன்று தலைமுறையாகச் சங்குக்கடை வைத்திருப்பவர். ஜேசுதாசனும் அவரோடு முங்குகிறவர்களும் எடுக்கும் சங்கெல்லாம் அவர் கடைக்குத்தான் போகும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் செந்தில்முருகன், கடைக்குத் தளம் வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி ஜெஸ்மியைக் கூப்பிட்டுவிட்டார். பேசிய கூலியை முதல் நாளே கையில் கொடுத்தார். இது ஜெஸ்மிக்குப் பின்னால் பெரிய இடைஞ்சலாக இருந்தது. சண்டை போட நினைத்தபோதெல்லாம் இந்த நேர்மை குறுக்கே வந்து நின்றது.

தளத்தில் ஒவ்வொரு சங்கின் கீழேயும் ‘எடுத்தவர்’ என்று ஒரு வரி வைத்திருந்தாள். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஏளா, இது என்னத்துக்கு? வாழைப்பழம் வாங்குதவன் தோட்டக்காரன் பேரையா கேக்கான்?”

“கடை போர்டுல உங்க பேரு, உங்கய்யா பேரு, உங்க தாத்தா பேரு எல்லாம் இருக்கே அண்ணாச்சி. சங்கை உங்க தாத்தாவா பெத்துப் போட்டாரு?”

பக்கத்தில் சங்கு வளையலைப் பொதிந்துகொண்டிருந்த கடைப்பெண் செல்வராணி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்தது, வந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

“சரி, உங்கப்பன் நேத்து கொண்டாந்த ஆறு சங்கு கிடக்கு. அதுக்கு மட்டும் போட்டுக்கோ. வாய வச்சிக்கிட்டு சும்மா இருளா.”

ஆறு சங்கையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்தாள். ஒவ்வொன்றின் கீழேயும் ‘எடுத்தவர்: ஜேசுதாசன், திரேஸ்புரம்’ என்று போட்டாள். மற்ற இருநூறு பொருளுக்கும் அந்த வரி காலியாகக் கிடந்தது.

இரண்டு வாரத்தில் ஆறும் விற்றுப்போயின. பெங்களூரிலிருந்து ஒரு பெண்மணி, ஜேசுதாசன் எடுத்த சங்கு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தார். இன்னும் நான்கு பேர் அதையே கேட்டார்கள். அண்ணாச்சி தெருவில் ஜெஸ்மியைப் பார்த்ததும் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“ஏளா, உங்கப்பனுக்கு வந்த கிராக்கியைப் பாத்தியா?”

அன்றைக்கு ஒரு நாள்தான் ஜெஸ்மி கோபம் இல்லாமல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கடையின் தளத்தைத் திறந்தாள். செந்தில்முருகன் சென்னையில் இருந்தபடியே வேலையை முடித்திருந்தான். காலியாக இருந்த இருநூறு வரியிலும் ஜேசுதாசன் நிரம்பியிருந்தார். சங்கு விளக்கை எடுத்தவர் ஜேசுதாசன். சாவிக்கொத்தை எடுத்தவர் ஜேசுதாசன். பிலிப்பைன்ஸிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கிய சிப்பித் தோரணத்தையும் ஜேசுதாசனே முங்கி எடுத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய படம் பெரிதாக, அதன் கீழே ஒரு வரி: ‘ஐந்தாம் தலைமுறை முத்துக்குளிப்பவர்’. முன்பு பொய்யில் பெயர் இல்லை என்பது குறை. இப்போது அந்தக் குறை தீர்ந்துவிட்டது.

அப்பாவிடம் காட்டினாள். அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

“எம்பேரு என்ன, தேஞ்சா போயிரும்? விடு.”

ஜெஸ்மிக்கு அண்ணாச்சி மேல் வந்ததைவிட அதிகக் கோபம் அப்பா மேல் வந்தது. இந்த மனிதருக்காகத்தானே ஆயிரக்கணக்கில் அரைப்புள்ளி ஒட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடலிலிருந்து வந்த ஜேசுதாசனிடம் சிரிப்பு இல்லை. கரையில் முதலில் கேலி பேசியிருக்கிறார்கள்: ஏலே ஜேசு, பிலிப்பைன்ஸ் போயிட்டு எப்பம்லே வந்தே? அதற்கு அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். பிறகு மனுவேல் தன் போனை நீட்டியிருக்கிறான். மனுவேல் அவரோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய் முங்குகிறவன். போன மாதம் ஆழத்தில் காது அடைத்து ரத்தம் வர வர அவன் மேலே கொண்டுவந்த பெரிய சங்கு அந்தத் தளத்தில் இருந்தது. எடுத்தவர்: ஜேசுதாசன். மனுவேல் போனைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டானாம்.

சங்குக்கு முங்குகிறவன் கழுத்தில் ஒரு வலைப்பை தொங்கும். ஒரே வள்ளத்தில் பத்துப் பேர் போனாலும் பத்துப் பையும் தனித்தனி. ஒவ்வொரு பையிலும் அவனவன் நிறத்தில் நூல் முடிந்திருக்கும். ஜேசுதாசனுடையது பச்சை, மனுவேலுடையது சிவப்பு. குடிபோதையிலும் ஒருவன் அடுத்தவன் பையைத் தொடமாட்டான். விளையாட்டுக்குத் தொட்டவனை மறுநாள் வள்ளத்தில் ஏற்றுவதில்லை.

ஜேசுதாசன் சாப்பாட்டில் கை வைக்காமல் சொன்னார்: “அவன் பையில நான் கை விட்ட மாதிரி ஆயிட்டுளா. எடுத்துரு.”

ஜெஸ்மி கடைக்குப் போனாள். அண்ணாச்சி கணக்காக மடக்கினார்.

“பேரு போடுன்னு நின்னது நீ. இப்பம் எடுன்னும் நீயே நிக்கே.”

“எங்கப்பா எடுத்ததுக்கு எங்கப்பா பேரு. மனுவேல் மாமா எடுத்ததுக்கு அவிய பேரு. அதுதான் அண்ணாச்சி நான் கேட்டது.”

அண்ணாச்சி மகனைப் போனில் பிடித்து, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். செந்தில்முருகன் பொறுமையாக விளக்கினான். “ஒரு பேரு இருந்தா அது பிராண்டு, தங்கச்சி. பத்துப் பேரு இருந்தா அது அட்டெண்டன்ஸ்.”

“முத்துக்குளிக்கதுன்னு எதுக்குப் போட்டிய?”

“முத்துன்னாத்தான் வெளியூர்க்காரனுக்குப் புரியும்.”

“அப்பம் உங்கப்பாவுக்கும் முத்து வியாபாரின்னு போடுங்க. வருமானவரிக்காரனுக்கும் புரியட்டும்.”

செல்வராணி மறுபடியும் உள்ளே போனாள். அண்ணாச்சி போனை அணைத்தார். மேசையில் கிடந்த சங்கு ஒன்றை உருட்டினார்.

“ஆறுக்கு மட்டும் பேரு இருந்தா, மத்ததெல்லாம் களவாண்டதான்னு வாங்குதவன் கேப்பான்லா. ஒண்ணு, எல்லாத்துக்கும் இருக்கணும். இல்லியா, ஒண்ணுக்கும் வேண்டாம். நீயே சொல்லு.”

இருநூறில் எதை யார் எடுத்தது என்று கடையில் கணக்கே கிடையாது. கடைக் கணினியில் எல்லாப் பொத்தானும் வேலை செய்தது. ‘எடுத்தவர்’ என்ற வரி முழுத் தளத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதப்பட்டிருந்தது. நன்றாக எழுதப்பட்ட தளத்தில் அப்படித்தான் இருக்கும். அவள் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். முதலில் முத்துக்குளிப்பவரை அழித்தாள். பிறகு அந்த ஒற்றை வரியை அழித்துச் சேமித்தாள். சிப்பித் தோரணத்திலிருந்தும், மனுவேலின் சங்கிலிருந்தும், வெயிலில் வைத்துப் படமெடுத்த ஆறு சங்கிலிருந்தும் ஜேசுதாசன் ஒரே நொடியில் போய்விட்டார். கடவுச்சொல் எழுதிய காகிதத்தை அண்ணாச்சியின் மேசையில் வைத்தாள்.

“இனிமே வேற ஆளப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

“கோவத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல,” என்றார் அவர், காகிதத்தை மடித்தபடி.

வீட்டு வாசலில் ஜேசுதாசன் வலைப்பையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார்.

“எடுத்துட்டேன்பா.”

“மனுவேலோடதுல?”

“எல்லாத்துலயும்.”

அவர் கை நின்றது. “எல்லாத்துலயும்னா? அந்த ஆறுலயுமா?”

“அதுலயுந்தான்.”

“அது என்னத்துக்கு எடுத்தே?” பை மடியிலிருந்து நழுவி விழுந்தது. “அது நான் எடுத்ததுளா. எம்பையில வந்தது. அதுல எம்பேர எடுக்கதுக்கு அந்தக் கடைக்காரன் யாரு?”

பேரில் என்ன இருக்கிறது என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று கத்தினார். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. ஜெஸ்மி உள்ளே போய், பெனிஸ்டனின் மடிக்கணினியை எடுத்துவந்து வாசற்படியில் வைத்துத் திறந்தாள். ஒன்பது பேர் பார்த்த தன்னுடைய பக்கத்தில் ஆறு சங்கின் படத்தையும் ஏற்றினாள். அப்பாவின் வயதை நாற்பத்துநான்கு என்று திருத்தினாள்.

“முதல் சங்கு எங்கன எடுத்தது? எத்தனை பாகம் ஆழம்?”

ஜேசுதாசன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைக் கொஞ்சமும் குறைக்காமல், சண்டை போடுகிற மாதிரியே சொல்லத் தொடங்கினார்.