தொண்ணூற்றொரு காசுப் பின்னல்

அழகு நிலையத்தில் அவளுக்குக் கத்திரி என்றே பெயர். கை வேகத்துக்காக வைத்தார்களா, வாய் வேகத்துக்காக வைத்தார்களா என்று கேட்டால், உடன் வேலை பார்த்த பெண்கள் சிரித்து மழுப்புவார்கள். சின்ன வயதில் தரை கூட்டச் சேர்ந்தவள். நாற்பதை நெருங்கும்போது அந்தக் கடையின் முதல் நாற்காலி அவளுடையது. அவள் கை ஒழியட்டும் என்று மற்ற நாற்காலிகள் காலியாக இருக்கும்போதே காத்திருந்தவர்கள் உண்டு.

அப்புறம் அந்தக் கையே கெட்டது. முடிச்சாயம் ஒத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கில் தோல் வெடித்தது. உறை போட்டால் உறைக்குள்ளேயே வெந்தது. தோல் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"வேலை வேணுமா, கை வேணுமா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

வேலையை விட்டாள். வீட்டில் பொழுது நகரவில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் போனால் சாயங்காலம்தான் தலையைக் காட்டுவான். காட்டிய தலையை ஒரே மாதத்தில் மூன்று முறை வெட்டிவிட்டாள். நான்காம் முறை சீப்பை எடுத்தபோது, "இனிமே வெட்டணும்னா கழுத்துதான் மிச்சம்" என்று எழுந்து போய்விட்டான்.

கீழ்த்தளத்தில் கொழுந்தனும் அவன் மனைவியும் இருந்தார்கள். அந்த ஓரகத்தியை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். கூரியர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். லீவு நாளில் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவாள். ஆளுக்கொரு பொம்மை உருவம். அதற்குச் சட்டை, செருப்பு, தலைமுடி எல்லாம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சந்தையில் காசு கொடுத்து வாங்கலாம். செய்யத் தெரிந்தவர்கள் அங்கே விற்கவும் செய்யலாம். சேர்கிற விளையாட்டுக் காசை நிஜப் பணமாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷினில் துணி போட இறங்கி வந்த கத்திரி, சின்னவளின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது என்னது, தலையில ஹெல்மெட்டா?"

"முடிக்கா. எண்பது காசு குடுத்து வாங்கினேன்."

"இதுக்குப் போய் எண்பதா? காதுக்குப் பின்னாடி முடி இப்படியா நிக்கும்? காத்தே படாத ஊரா அது?"

"வேற எப்படி நிக்கும்னு காட்டுங்களேன். நான் செஞ்சு பாக்கறேன்."

சின்னவளுக்கு அந்த வேலை அரைகுறையாகத் தெரியும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். கத்திரி தன் முடியையே அவிழ்த்துவிட்டு, பிரித்து, மடித்து, பின்னிக் காட்டினாள். உச்சியில் எத்தனை கால் பிரிய வேண்டும், பிடரியில் எந்த இடத்தில் முடி தளர்ந்து விழும் என்று அவள் சொல்லச் சொல்ல, சின்னவள் திரையில் இழுத்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள். சில வாரங்கள் கழித்து ஒரு பக்கப் பின்னல் உருவானது. பொம்மை தலையைத் திருப்பினால் பின்னலும் ஒரு கணம் தாமதித்துத் திரும்பியது. அதைப் பார்த்த கத்திரி, வேலையை விட்ட பிறகு முதல்முறையாகக் கை தட்டினாள். தட்டியதும் கை எரிந்தது. அதையும் பொருட்படுத்தவில்லை.

விலை பேச உட்கார்ந்தார்கள். ஆளுக்கு முப்பத்தைந்து, ஆக எழுபது காசு கையில் வரவேண்டும்.

"சந்தைக்காரன் நூத்துக்கு முப்பது கமிஷன் எடுத்துக்குவான்க்கா" என்றாள் சின்னவள்.

"எடுத்துக்கட்டும். வாங்கறவங்க தலையில கட்டிடு. நம்ம எழுபது நமக்கு வந்துடணும்."

எழுபதுக்கு நூற்றுக்கு முப்பது வீதம் இருபத்தொன்று. கூட்டினால் தொண்ணூற்றொன்று. அந்த விலைக்கே பின்னலைச் சந்தையில் வைத்தார்கள்.

பின்னல் ஓடியது. யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ வாங்கினார்கள். ஆனால் சின்னவள் கொண்டுவந்து கொடுத்த பங்கில் குறை இருந்தது. ஒரு பின்னலுக்கு அறுபத்து மூன்றுதான் வந்திருக்கிறது என்றாள். மிச்சம் ஏழு எங்கே என்று கத்திரி கேட்டதற்கு, "ஏதாவது வரி பிடிச்சிருப்பாங்கக்கா, பாத்துச் சொல்றேன்" என்றாள். ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கும் நேரம், பார்க்கவில்லை. அடுத்த மாதமும் அதே ஏழு குறைந்தது.

கத்திரிக்குள் அது முள்ளாகத் தைத்தது. கமிஷனுக்கென்று தனியாகத்தானே இருபத்தொன்று சேர்த்தோம்? மாடிக்கு வந்து கணவனிடம் சொன்னாள்.

"ஏழு காசுக்காக அவ திருடுவாளா?" என்றான் அவன்.

"ஏழு காசு இல்ல. ஒவ்வொரு பின்னலுக்கும் ஏழு."

அன்றிலிருந்து பேச்சு சுருங்கியது. சின்னவளின் துணி மெஷினில் துவைத்து முடிந்து கிடந்தால், முன்பெல்லாம் கத்திரியே எடுத்துக் காயப்போடுவாள். இப்போது வாளியில் எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள். சின்னவளுக்கு அது புரியாமல் இல்லை. ஒருநாள் ஆபீசிலிருந்து வந்த கோலத்திலேயே படியேறி வந்தாள்.

"நேரா கேளுங்கக்கா. நான் எடுத்தேன்னு நினைக்கிறீங்களா?"

கத்திரி பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் சின்னவளைச் சுட்டது. லாப்டாப்பை மேசையில் வைத்து, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மேலே போட்டாள்.

"இனிமே நீங்களே வித்துக்கோங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

கத்திரிக்கு வீம்பு. விற்கத் தெரியாதா என்ன? தட்டுத்தடுமாறிச் சந்தைப் பக்கத்தைத் திறந்தாள். மறுநாள் மதியம் ஒரு பின்னல் விற்றது. விலை தொண்ணூற்றொன்று. கமிஷன் போக வரவு அறுபத்து மூன்று. இடையில் எந்தக் கையும் இல்லை. அவள் கண் முன்னாலேயே அந்த ஏழு காணாமல் போயிருந்தது.

கணக்கு புரியவில்லை, தான் செய்தது மட்டும் நன்றாகப் புரிந்தது. அழகு நிலையத்தில் ஒரு தடவை கல்லாவில் பணம் குறைந்தபோது முதலாளியம்மா எல்லோருடைய பையையும் கொட்டிப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தான் அழுத அழுகை நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். கதவைத் திறந்த சின்னவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கத்திரி வாசலிலேயே நின்றாள்.

"எனக்கும் அறுபத்து மூணுதான் வந்துச்சு. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கோ."

கூர்மையான வாய்க்குப் பேர்போனவள். லாப்டாப்பை மட்டும் நீட்டினாள். சின்னவள் கண்ணைத் துடைத்தபடி வழிவிட்டாள். "நானும் அன்னைக்கே உக்காந்து பாத்திருக்கணும்க்கா. ஆபீஸ்ல நாள்பூரா கணக்கு, வீட்லயும் கணக்கான்னு விட்டுட்டேன்."

அன்று இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவன் எழுபதுல முப்பது சதவீதம் எடுக்கலக்கா. நாம போட்ட தொண்ணூத்தி ஒண்ணுல எடுக்கறான். நாம சேத்த காசுக்கும் சேத்து கமிஷன் வாங்கறான், சில்லறை மிஞ்சினா அதையும் விட்டு வைக்கறதில்ல!"

"அடப்பாவி. அப்ப எவ்வளவு போடணும்?"

"நூத்துக்கு முப்பது அவனுக்குன்னா, எழுபது நமக்கு. நூறு போட்டாத்தான் எழுபது நிக்கும்."

நூறு போட்டார்கள். முதல் வாரம் விற்பனை பாதியாகப் படுத்தது. 'பின்னலுக்குக் கொம்பு முளைத்துவிட்டதா?' என்று யாரோ எழுதியிருந்தார்கள். சின்னவள் பயந்துபோய்ப் பழைய விலைக்கே இறக்கிவிடலாம் என்றாள். கத்திரி அசையவில்லை.

"நம்ம கூலியைக் குறைக்க வேண்டாம். சரக்கை இன்னும் நல்லா பண்ணுவோம். நெத்தியோரம் பிசிறு முடி விட்டுப் பாக்கலாம், வா."

விற்பனை மெல்ல ஏறியது. பழைய உயரத்துக்கு வரவில்லை. ஆனாலும் கத்திரியின் மருந்துச் செலவுக்கும் வீட்டு வாடகையில் ஒரு பகுதிக்கும் அது போதுமானதாக இருந்தது. வரவு வந்தால் இரண்டு பேர் போனுக்கும் தகவல் வரும்படி சின்னவள் மாற்றி வைத்தாள். அதெல்லாம் வேண்டாம் என்று கத்திரி பதறினாள்.

"உங்களுக்காக இல்லக்கா, எனக்காக. இன்னொரு தடவை அந்த மௌனத்தை என்னால தாங்க முடியாது."

கத்திரி தலைகுனிந்து சரி என்றாள்.

இப்போது சுருட்டை முடி ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. அதற்கு நூற்றைம்பது வைக்க வேண்டும் என்கிறாள் கத்திரி. கையில் நூற்றைந்து நின்றாலும் அந்த விலைக்கு ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்கிறாள் சின்னவள். போன ஞாயிற்றுக்கிழமை இந்தச் சண்டை மாடிவரை கேட்டு, லிஃப்ட் மெக்கானிக் விலக்கிவிட ஓடி வந்தான்.

"நீங்க மேல போங்க!" என்றார்கள் இருவரும்.