டிக்கோயாவில் எனக்குக் கிடைத்த பெயரில்லாச் சங்கம்

இந்த இலங்கை மலைநாட்டில் கோட்டுப் போட்ட ஒருவன் இன்னொருவனைப் புதிதாகச் சந்தித்தால் முதலில் கேட்பது பெயரையல்ல. "எந்தச் சங்கத்துல இருக்கீங்க?" என்பதைத்தான். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டார். சவரக் கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு நான் வாய் திறக்க முடியாமல் கிடந்தபோது, அடுத்த நாற்காலியில் இருந்தவர் கேட்டார். எதிலும் இல்லை என்று சொன்னதும் இரண்டு பேருமே ஒரே மாதிரிப் பார்த்தார்கள், ஏதோ நான் சட்டையில்லாமல் வெளியே கிளம்பிவிட்டது போல. லயம் என்னும் வரிசை அறைகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளிகளின் சங்கத்தைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது அவர்களுடைய சோற்றுக்காக ஏற்பட்டது, அதைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. நான் சொல்வது எங்களைப் போன்ற உத்தியோகக்காரர்களின் சங்கங்களை. ஒருவருக்கொருவர் அறிமுகமாகி, கைகொடுத்து, தொழிலில் ஒருவரையொருவர் தூக்கிவிடுவதற்காக ஏற்பட்டவை என்று அவற்றின் கடிதத் தலைப்பில் அச்சடித்திருக்கும்.

லால்குடியில் நான் ஒரு டாக்டரிடம் ஆறு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன். அங்கே இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்கள். "தம்பி நீங்க எந்தத் தெரு?" என்று ஆரம்பித்து, "யாரு வீட்டுப் பிள்ளை?" என்று சுற்றி வளைத்து, கடைசியில் சாதியில் வந்து நிற்பார்கள். மாலை நேரத்தில் டாக்டரின் கூடத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடுவார்கள். அவர்களுடைய இருமலுக்கும் வாய்வுக்கும் மருந்து கலக்கிக் கொடுத்தது என் கை. ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அங்கே என்னை உட்காரச் சொன்னதில்லை. இலங்கை சுதந்திரம் பெற்ற சமயத்தில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்க ஆள் வேண்டும் என்று சேதி வந்தபோது, அந்தக் கூடத்திலிருந்து தப்பினால் போதும் என்றுதான் கப்பல் ஏறினேன். இங்கே வந்து பார்த்தால் அதே கூடம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சுவரில் இங்கிலாந்து ராஜாவின் படம் ஒன்றுதான் கூடுதல்.

சங்கம் தேடியதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த எனக்கு இங்கே தற்காலிகமாக இருக்கத்தான் அனுமதி. அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மனுவோடு இரண்டு பெரிய மனிதர்களின் கடிதம் இருந்தால் நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அருளானந்தம் ஒரு நாள் மருந்தகத்துக்கு வந்து, வயிற்றெரிச்சலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு, எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். "மருந்தய்யா, நீங்க தனியாளா இருந்தா நாளைக்கு உங்களுக்காக யாரு பேசுவாங்க? ஒரு நல்ல எடத்துல சேர்ந்துக்குங்க. நமக்குன்னு ஒரு ஸ்டேட்டஸ் இருக்குதில்ல?" அவர்தான் டிக்கோயாவில் உள்ள உத்தியோகத்தர் கிளப்பின் தலைவர் என்பதை வாசல் வரை போய்த் திரும்பி வந்து சொன்னார்.

நான் உடனே சேர்ந்துவிடவில்லை. பெண் பார்க்கப் போகிறவனைப் போல நாலு இடம் பார்த்தேன். முதலில் ஹட்டனில், யாழ்ப்பாணத்து ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் நடத்திய வாசிப்பு வட்டத்துக்குப் போனேன். செயலாளர் மரியாதையாக நாற்காலி இழுத்துப் போட்டு, "நீர் எவடம்?" என்று கேட்டார். வேலை செய்யும் இடத்தைக் கேட்கிறார் என்று நினைத்து "டிக்கோயாங்க" என்றேன். "அதில்லை, ஊர்?" "லால்குடிங்க." அவருக்கு அது யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கமா வல்வெட்டித்துறைப் பக்கமா என்று சந்தேகம் வந்துவிட்டது. திருச்சிக்குப் பக்கம் என்று விளக்கியதும், "ஓ, அக்கரையோ" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு ஒரு மணி நேரம் தமிழின் தூய்மையைப் பற்றிச் சொற்பொழிவு நடந்தது. இடையில் நான் எழுந்து "ஒரு சந்தேகமுங்க" என்றதற்கு முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் சந்தேகத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. நான் போட்ட 'ங்க'வுக்குத்தான் சிரித்தார்கள். அதற்கடுத்து வியாபாரிகள் சங்கம். அங்கே கடையின் அகலத்துக்குத் தக்கபடி நாற்காலி. எனக்குக் கடையே இல்லாததால் மூன்று கூட்டம் நின்றுகொண்டே கேட்டேன். மூன்றிலும் அடுத்த கூட்டத்தை எப்போது வைப்பது என்பதைப் பற்றித்தான் சண்டை.

மூன்றாவது இடத்தை இடம் என்றே நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. நோட்டன் பிரிட்ஜ் மின்சார வேலைத்தளத்து மருந்தகத்தில் பியதாச என்றொரு சிங்களவர் இருந்தார். என் வயதுதான், என்னைப் போலவே ஒல்லி, என்னைப் போலவே முன்வழுக்கை. ஹட்டன் ரயில் நிலையத்தில் மருந்துப் பெட்டி எடுக்கப் போனபோது பழக்கமானார்; ஐயா என்பதற்கு மாத்தயா என்பார். "மாத்தயா, நீங்க ஞாயித்துக்கெழம வாங்க. டிக்கோயா பாலத்துக்கிட்ட தேத்தண்ணிக் கடை. நம்ம ஆள் அஞ்சு பேர். மருந்துப் பேச்சு மட்டும்தான்" என்று கூப்பிட்டார். அந்த ஐந்து பேரில் நாலு பேர் பக்கத்துத் தோட்டங்களிலும் வேலைத்தளத்திலும் மருந்து கொடுக்கிறவர்கள். ஐந்தாவது ரோசலின் நோனா, பிரசவம் பார்க்கிற அம்மா. "சங்கத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "பேரு? பேரு இல்ல." "தலைவர்?" அவர் சிரித்துவிட்டு, "யாரு முந்தி வாறாங்களோ அவங்க தேத்தண்ணி சொல்லணும். அவ்வளவுதான்" என்றார். எனக்கு உள்ளுக்குள் இளக்காரமாக இருந்தது. பெயரும் தலைவரும் முத்திரையும் இல்லாத கூட்டத்தைக் காட்டி அனுமதியை எப்படிப் புதுப்பிப்பது? வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் மூன்று முறை கூப்பிட்டார், மூன்று முறையும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

ஆகவே உத்தியோகத்தர் கிளப்பில் சேர்ந்தேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், கழுத்துப் பட்டி கட்டத் தெரியுமா என்று பார்க்க ஒருவர். அங்கே தொழிலைப் பற்றிப் பேசினார்களா என்று கேட்கிறீர்களா? பெரிய துரையின் நாய் எந்தக் கிளாக்கரைப் பார்த்து வாலாட்டியது என்று பேசினார்கள். துரைசாணி யாருக்குக் கிறிஸ்மஸ் கேக் அனுப்பினாள் என்று பேசினார்கள். மாதத்துக்கொரு முறை யாராவது எழுந்து, ஒற்றுமையே நமது பலம் என்று இங்கிலீஷில் சொல்வார். எல்லாரும் மேசையைத் தட்டுவோம். நானும் தட்டினேன். இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டி கட்டிய கழுத்தோடு ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஆனி மாத மழை நிற்காமல் பெய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மேல் லயத்திலிருந்து செல்லம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் தன் மகள் பார்வதியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பார்வதிக்கு ஏழு வயது. இரண்டு நாளைக்கு முன்னால் தொண்டை வலி என்று வந்திருந்தாள், நான் கழுவி மருந்து தடவி அனுப்பியிருந்தேன். "டாக்டரையா, பிள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க. தண்ணி குடுத்தா மூக்கு வழியா வருதுங்க" என்றாள் செல்லம்மா. வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போலப் படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான். இரண்டு நாளைக்கு முன்பே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதற்குப் போட வேண்டிய ஊசி மருந்து என் அலுமாரியில் இல்லை.

தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு கொழும்புக்குப் போயிருந்தது. பெரிய துரை காரை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போயிருந்தார். பாதி வழியில் மண் சரிந்து பஸ்ஸும் நின்றுவிட்டது. ஃபேக்டரி ஆபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். வண்டி வேறொரு சரிவில் அடிபட்டவர்களை எடுக்கப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். உடனே கிளப்பின் ஞாபகம் வந்தது. அன்று ஆண்டு விழா மதியச் சாப்பாடு. டிக்கோயாவில் கிளப் வாசலில் குறைந்தது நாலு காராவது நிற்கும். சரிவு வரை ஒரு கார் வந்தால் போதும், பிள்ளையை நாங்கள் தூக்கிக்கொண்டு சரிவைக் கடந்துவிடுவோம்.

போனில் அருளானந்தமே வந்தார். பின்னால் தட்டுகளின் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"லயத்துப் பிள்ளையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஏழு வயசுப் பிள்ளை. இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குமாங்கிறதே சந்தேகமுங்க."

"ஒட்டுற நோய் இல்லையா இது? மெம்பர்மாரோட காருல பொம்பளைங்க பிள்ளைங்க எல்லாம் ஏறுறாங்க. எப்படிங்க கேக்கிறது?"

"உங்க காரையாவது அனுப்புங்களேன். நானே கழுவித் தர்றேன்."

போனை ஒதுக்கிப் பிடித்து யாருக்கோ இங்கிலீஷில் நன்றி சொன்னார். பிறகு, "இப்ப சூப்பு வச்சிருக்காங்க. கெஸ்ட் எல்லாம் இருக்காங்க. நீங்க ஒண்ணு செய்யுங்க, கமிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இனிமே இந்த மாதிரி சமயத்துக்கு என்ன செய்யலாம்னு தீர்மானம் போட்டுரலாம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் போன் குழாயைக் கீழே வைக்கவில்லை. தெரிந்தவர்களின் பெயர் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒருவருக்கும் போன் போட வாய் வரவில்லை. கடைசியில் நான் மூன்று முறை பொய் சொன்ன மனிதரின் ஞாபகம்தான் மிஞ்சியது. நோட்டன் பிரிட்ஜுக்குக் கேட்டேன். பியதாச என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை. "ஊசி என்கிட்ட இருக்கு. ஐஸ் போட்டுக் கொண்டு வாறேன். பிள்ளைய நிமிர்த்தி வையுங்க, படுக்க வைக்க வாணாம்" என்றார்.

வேலைத்தளத்து லொறி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஹட்டன் வழியாகச் சுற்றி, டிக்கோயாவில் ரோசலின் நோனாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சரிவில் லொறியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் முழங்கால் அளவு சேற்றில் நடந்து வந்தார்கள். பியதாசவின் கையில் ஒரு தேநீர் பிளாஸ்க். ஐஸுக்கு நடுவில் மருந்து. ஊசி போட்டதும் பிள்ளையைக் கம்பளியில் வைத்து நாங்கள் நாலு பேர் நாலு முனையையும் பிடித்துக்கொண்டு சரிவைக் கடந்தோம். நாலாவது ஆள் செல்லம்மாவின் புருஷன். வழியெல்லாம் ரோசலின் நோனா சிங்களத்தில் பிள்ளையோடு பேசிக்கொண்டே வந்தாள். பார்வதிக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனாலும் அந்தக் குரல் வந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து பிழைத்து வந்தாள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் லொறியில் நான் பியதாசவிடம், "ரெண்டு நாளைக்கு முன்னாலயே நான் கண்டுபிடிச்சிருக்கணும்" என்றேன். அவர் மறுக்கவில்லை. "எனக்கும் ஒருக்கா அப்படி ஆச்சி. அந்தப் பிள்ள பொழைக்கல்ல. ஞாயித்துக்கெழம வாங்க, எப்படிப் பாக்கிறதுன்னு பேசலாம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு வருஷம் மேசையைத் தட்டிய கிளப்பில் ஒருவரும் இப்படித் தன் தப்பை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்துக் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. ஆண்டு விழா விருந்தின்போது தலைவரைத் தொலைபேசிக்கு அழைத்து விருந்தினர் முன் சங்கடம் உண்டாக்கியதற்கு நான் வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம். கடிதம் அருமையான இங்கிலீஷில் இருந்தது. பதில் எழுதவில்லை. கழுத்துப் பட்டியை, கையொடிந்து வந்த ஒரு கங்காணிக்குக் கையைத் தாங்கும் தூளியாகக் கட்டிவிட்டேன். அதற்கு அது நன்றாகவே உதவியது. அனுமதிக்குக் கடிதம் கொடுத்தவர்கள் பியதாசவின் மேலதிகாரியும் ரோசலின் நோனாவுக்குத் தெரிந்த ஒரு பாதிரியாரும். அலுவலகத்தில் என் மனுவைப் பார்த்த உத்தியோகத்தர், சங்கம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டார். "பெயரில்லாத சங்கம்" என்றேன். அவர் தலைமறைவுக் கூட்டம் என்று எடுத்துக்கொண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தேத்தண்ணிக் கடை என்று விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் முத்திரை குத்தினார், தற்காலிகம் என்ற சொல்லின் மேலேயே.

கப்பலேறி வரப்போகும் தம்பிமார்களுக்கும், ஏற்கெனவே வந்து எந்தச் சங்கத்தில் சேரலாம் என்று கோட்டுத் தைக்கக் கொடுத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். உங்களை எந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். அவர்கள் சூப்புக் குடித்துக்கொண்டிருக்கும்போது போன் போட்டுப் பாருங்கள்.

போன தைப்பொங்கலுக்கு எங்கள் ஆறு பேரையும் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். குளிருக்காக ஆண்கள் ஐந்து பேரும் ஒரே மாதிரிக் கம்பளிக் குல்லாயும் மப்ளரும் கருப்புக் கோட்டும் போட்டிருந்தோம். ஒரு பிரதியை லால்குடிக்கு அனுப்பினேன். அண்ணன் பதில் எழுதியிருந்தார். அம்மாவுக்குப் பார்வை மங்கல்தான், ஆனாலும் படத்தைக் கையில் வாங்கியதுமே என்னை அடையாளம் கண்டுகொண்டாளாம். தெருவில் எல்லாருக்கும் காட்டி, மலைக்காற்றில் என் பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது பார், சிரிப்பு மட்டும் மாறவேயில்லை என்று சொல்கிறாளாம். இடமிருந்து இரண்டாவது ஆள் என்று அண்ணன் குறிப்பிட்டிருந்தார். என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நான் வலது ஓரத்தில் நிற்கிறேன். இடமிருந்து இரண்டாவது பியதாச. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் சிரித்தார், பிறகு அம்மாவின் பெயரைக் கேட்டு ஒரு காகிதத்தில் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். தவறைத் திருத்தி ஊருக்கு எழுத வேண்டும் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். இன்னும் எழுதவில்லை.