முடிந்துபோன ஆபரேஷனுக்கு ஒரு ஜெபம்

நீளமாக ஜெபம் பண்ணுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அழகான தமிழில் பண்ணினால் இன்னும் அதிகமாக வரும். காரணம் என் அப்பா.

சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் வீட்டில் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். எல்லாரும் முழங்காலில் நிற்போம். "எங்களைக் கண்மணிபோல் காத்துவரும் பரம பிதாவே" என்று அப்பா தொடங்குவார். தினமும் அதே ஜெபம், அதே ஏற்ற இறக்கம். நடுவில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் கை நீட்டி ஸ்டாண்டு ஃபேனைக் குறைப்பார். சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்த எங்கள் சபையில் அவர் கமிட்டி உறுப்பினர். 'உங்க அப்பா ஜெபம் மாதிரி வராது' என்று அங்கே எல்லாரும் என்னிடம் சொல்வார்கள். எனக்கு முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். ஒருநாள் அம்மாவின் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். எனக்கோ பசி. நானே ஜெபம் பண்ணுகிறேன் என்று மண்டியிட்டு, அப்பாவின் குரலிலேயே ஆரம்பித்தேன். ஃபேனையும் மறக்காமல் குறைத்தேன். "உம்முடைய அடியாளுக்கு நடக்கவிருக்கும் ஆபரேஷனில் மருத்துவர்களின் கைகளை ஆசீர்வதியும்" என்ற இடத்தில் மாமா கண்ணைத் திறந்துவிட்டார்.

"ஏய், எந்த ஆபரேஷன்?"

"அம்மாவுக்கு. பித்தப்பைக் கல்."

"அது முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சே லா!"

"அப்பா டெய்லி இப்படித்தான் பண்றாங்க மாமா."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா தலை துவட்டிய துண்டோடு நின்றதை அப்போதுதான் பார்த்தோம். மாமா விடவில்லை.

"என்ன மச்சான், என் தங்கச்சிய இன்னும் ஆஸ்பத்திரியிலயே வெச்சிருக்கீங்க?"

அம்மா சிரிக்கவில்லை. ஒரு வருடமாக அந்த ஜெபத்துக்குத் தினமும் ஆமென் சொன்னவள் அவள்தானே. அப்பாவும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அப்பா முழங்காலில் நிற்பார், வாயைத் திறக்கமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்விடுவார். சபையில் ஜெபிக்கக் கூப்பிட்டபோதும் தலையாட்டி மறுத்துவிட்டார். அம்மா பயந்துபோனாள்.

"பிள்ள விளையாட்டுக்குப் பண்ணிட்டா. அதுக்காக ஜெபத்தையே விட்டுடுவீங்களா?"

"அவ என்ன தப்பு பண்ணா? யார்கிட்ட பேசறோம்னு தெரியாமலே பேசிட்டு இருந்திருக்கேன். இப்ப அவர்கிட்ட பேச வாய் வரல. அவ்வளவுதான்."

மன்னிப்புக் கேள் என்று அம்மா என்னைக் கிள்ளினாள். நான் கேட்கவில்லை. இன்று சொன்னாலும் கேட்கமாட்டேன்.

பிறகு ஒருநாள் இரவு. அப்பா சத்தமில்லாமல் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். இன்றும் இவ்வளவுதான் என்று அம்மா எழப்போனாள்.

"ஆண்டவரே" என்றார் அப்பா.

அம்மா மறுபடியும் முழங்காலிட்டாள்.

"அன்னிக்கு இவள உள்ள தள்ளிட்டுப் போனாங்க. நான் வெளிய உட்கார்ந்து உங்க பேர மட்டும் சொல்லிட்டு இருந்தேன். வேற பேச்சே வரல. நீங்க கேட்டீங்க. இவளத் திருப்பித் தந்துட்டீங்க. நான் அதக்கூடக் கவனிக்கல. உங்கமேல எவ்வளவு ஆசையா இருந்தேன், ஆண்டவரே. அது எங்க போச்சு?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலவா கடவுளிடம் பேசுவது? அப்பாவின் பேச்சு அதோடு நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. அடுத்த வரி மறந்துவிட்டது போல என்று நினைத்து, "கண்மணிபோல் காத்துவரும்" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அவள் கை ஈரமாக இருந்தது.

ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேதாகமத்தின் தாள்கள் படபடவென்று புரண்டன. அப்பா கை நீட்டவில்லை.

மறுநாள் பள்ளிப் பேருந்தில் என் தோழியிடம் சொன்னேன்:

"எங்கப்பா பாவம் லா. அவங்களுக்கு ஜெபமே மறந்துபோச்சு."