பதினான்காம் மேசைக்கு நான் போட்ட புள்ளி

என் வாழ்நாளில் நான் எழுதிய விமர்சனம் ஒன்றே ஒன்று. அது ஒரு கப்பலைப் பற்றியது. முப்பத்திரண்டு வருடம் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளின் கொப்பிகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தியவள் நான்; ஒரு பக்கத் தாளை நிரப்புவது எனக்குப் பெரிய காரியமா என்ன? பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே மகன். பதினொரு வருடமாக உல்லாசக் கப்பல்களில் சாப்பாடு பரிமாறுகிறான். ஒரு தடவை ஏறினால் இறங்க ஒன்பது மாதம், பத்து மாதம் ஆகும். அவன் அப்பா போனபோது எங்கோ நடுக்கடலில் இருந்தான். கருமாதிக்குக்கூட வந்துசேர முடியவில்லை. அதன் பிறகு டிக்கோயா ரோட்டில் இருக்கிற இந்த வீட்டில் நானும் ரேடியோவும்தான். மழைக் காலத்தில் நாலைந்து நாள் யாரிடமும் பேசாமலே கழியும். ஒருநாள் பால் கொண்டு வந்தவரிடம் பேச வாயைத் திறந்தபோது குரல் கட்டிப் போயிருந்தது. தடிமனா டீச்சர் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அவன் வேலை செய்யும் கம்பெனி புதிதாக ஒரு கப்பலை விட்டது. கொழும்பில் புறப்பட்டுக் கொழும்புக்கே திரும்பும் கப்பல். அதில் வேலை நிலைத்தால் மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வரலாம். நிலைக்காவிட்டால் பழையபடி தூரக் கடல்தான். டிக்கட் விற்கத் தொடங்கும் முன், வேலை செய்கிறவர்களின் குடும்பங்களை மூன்று நாள் திருகோணமலை வரை கூட்டிப் போய்ப் பழகிப் பார்க்கப் போகிறார்கள் என்று மகன் போனில் சொன்னான். எனக்கும் இடம் வாங்கியிருந்தான்.

"கடைசி நாள் ஒரு பேப்பர் தருவாங்கம்மா. அதப் பாத்துத்தான் யார இந்தக் கப்பல்ல வச்சுக்கிறது, யாரத் திருப்பி அனுப்புறதுன்னு முடிவு பண்ணுவாங்க."

எனக்கு விளங்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். அன்றைக்கே நன்றாக விளங்கியது.

விடியக் காலையில் ஹட்டனில் ரயில் ஏறினேன். றொசல்ல தாண்டும் வரை ஸ்வெட்டருக்குள்ளும் குளிர்ந்தது. கொழும்பு வெயிலில் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மலைக்காரி என்று முகத்தில் எழுதி ஒட்டிய மாதிரி துறைமுகத்தில் நின்றேன். கப்பலுக்குள் போனதும் மறுபடி போட வேண்டியதாயிற்று. நுவரெலியாவில் பனி கொட்டும் மாதத்தில்கூட அந்தக் குளிர் கிடையாது. எனக்குக் கொடுத்த அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் நான், மற்றதில் என் பை. மற்றவர்களெல்லாம் அப்பா, அம்மா, மச்சினி, குழந்தைகள் என்று ஐந்தாறு பேராக வந்திருந்தார்கள். நடைபாதை முழுக்க ஒரே சத்தம். கதவைச் சாத்திக்கொண்டு, கடல் தெரிகிற வட்டக் கண்ணாடி முன் உட்கார்ந்தேன். தண்ணீர், தண்ணீர், வேறொன்றுமில்லை. ஏன்தான் வந்தோம் என்று முதல் நாளே நினைத்துவிட்டேன்.

கப்பலில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். படுக்கை நன்றாக இருந்தது. குளியலறையில் சுடுதண்ணீர் எந்நேரமும் வந்தது. தேநீர்தான் வெட்கக்கேடு. நூலில் கட்டித் தொங்கவிட்ட பொட்டலம், கொதிக்காத தண்ணீர், ஒரு துளி ஆறிய பால். என் அம்மா கொழுந்து பறித்த மலையிலிருந்து வந்த தூளாகக்கூட அது இருக்கலாம் என்று நினைத்தபோது கோபம்தான் வந்தது. நான் பையில் கொண்டு போயிருந்த தூளில் அறையிலேயே பிளேன்டீ போட்டுக் குடித்தேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் எனக்குப் பதினான்காம் மேசை. எட்டுப் பேர் உட்காரும் மேசை. ஏழு பேர் நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரே குடும்பம், எட்டாவது ஆள் நான். அந்த மேசையும் அடுத்த மேசையும் என் மகனின் பொறுப்பு. வெள்ளைச் சட்டையும் கறுப்பு வேஸ்ட்கோட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பதினொரு வருடத்தில் அவன் வேலை செய்வதை நான் பார்த்தது அன்றுதான். கையில் நாலு தட்டு, ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. குனிந்து, "வோட்டர், மேடம்?" என்று என்னைக் கேட்டான். அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது அங்கே சட்டமாம். பெற்ற பிள்ளை பக்கத்தில் நின்றும், அந்தக் கப்பலில் என்னை அம்மா என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

அவன் படிக்கும் காலத்தில் நானும் இதையேதான் செய்தேன் என்பது உண்மை. என் வகுப்பில் இருந்தபோது அவன் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தான். டீச்சர் மகன் என்று புள்ளியை அள்ளிப் போட்டுவிட்டார்கள் என ஊர் பேசும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எழுத்து அழகில்லை என்று இரண்டு புள்ளியைக் குறைத்து அவனை இரண்டாவதாக்கினேன். அவன் அழுதான். அவன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பா என் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி தன் சொந்தக்காரப் பெண்களைக் கொழுந்து நிறைந்த நல்ல மலைக்கு அனுப்புவார். கேட்க நாதியில்லாத என் அம்மாவுக்கு அட்டையும் பாறையும் நிறைந்த மேல் மலை. அங்கே எவ்வளவு பறித்தாலும் கூடை நிறையாது. சாயங்காலம் எடை குறைந்ததற்கு, கொழுந்து நிறுக்கும் கண்டாக்கிடம் ஏச்சும் அவளுக்குத்தான். அதைப் பார்த்து வளர்ந்தவள், என் கைக்கு ஒரு அதிகாரம் வந்தால் சொந்தம் பார்க்க மாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அடுத்த மேசையில் ஒரு பெரியவர் இருந்தார். சமையல்கட்டில் வேலை செய்யும் ஒருவரின் தகப்பனார், ஊர் காலிப் பக்கம். மருந்து குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டிருந்தார். மகன் சரி என்று தலையாட்டிவிட்டு என் பக்கம் வந்தான். என் தட்டில் இருந்த மீனுக்கு முள் எடுத்தான். நான் சாப்பிடாமல் ஒதுக்கியதைப் பார்த்துவிட்டுப் போய், எங்கிருந்தோ சோறும் பருப்பும் கொண்டு வந்தான். பிறகு பப்பாசிப்பழத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்தான். பெரியவர் கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு மூன்று தடவை விரலைத் தூக்கினார். நான் கண்ணால் காட்டினேன். அவன் என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்தப் பெரியவர் எழுந்து, மேசை மேசையாகப் பிடித்துக்கொண்டு நடந்து போய்த் தானே தண்ணீர் வாங்கிக்கொண்டார்.

என் மேல் பாசம் வைத்து ஒருவர் முள் எடுத்துக் கொடுத்து எத்தனை வருடமாயிற்று? உள்ளுக்குள் எனக்கு இனித்தது. இனித்ததனாலேயே குற்றமாகவும் பட்டது.

கடைசி நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தாளைக் கொடுத்தார்கள். பெயர் எழுதத் தேவையில்லை. மேசை எண் மட்டும் அச்சிட்டிருந்தது. படுக்கை, சாப்பாடு, சுத்தம், பரிமாறுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போட வேண்டும். கீழே கருத்து எழுத நாலு கோடு. நீர்கொழும்பு அம்மா எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார். புருஷனின் தாளை வாங்கி அதிலும் ஐந்து. பேரப் பிள்ளைகளின் தாள்களுக்கும் அவரே ஐந்து. நான் பார்ப்பதைக் கண்டு, "அப்பே லமயி நே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நம்ம பிள்ளைகள்தானே என்று அர்த்தம். அவர் மகன் இயந்திர அறையில் வேலை. என் மகனுக்கும் சேர்த்துத்தான் அவர் அந்த ஐந்துகளைப் போட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, நாடு இப்படித்தான் கெட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, நான் பேனாவைத் திறந்தேன்.

படுக்கைக்கு ஐந்து. சுத்தத்துக்கு ஐந்து. தேநீரைப் பற்றி இரண்டு வரி. பரிமாறுதல் என்ற இடத்தில் கை நின்றது. ஐந்து போட்டால் அது தாய் போட்ட ஐந்து. மற்ற ஏழு பேரும் ஐந்து போட்டிருக்கிறார்கள், என் ஒரு தாளால் என்ன ஆகிவிடப் போகிறது? மூன்றில் வட்டம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். கீழே, வகுப்பறை ஆங்கிலத்தில், மருந்துக்குச் சுடுதண்ணீர் கேட்ட முதியவரைப் பணியாளர் கவனிக்காமல் காக்க வைத்தார் என்று தெளிவாக எழுதினேன். யாரைக் கவனித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்பதை எழுதவில்லை. அந்த அரை உண்மையைத்தான் நேர்மை என்று நினைத்தேன்.

தாள்களைச் சேர்க்க வந்தது என் மகன். நான் கவிழ்த்து வைத்துக் கொடுத்தேன். "தேங்க்யூ மேடம்" என்றான். அந்த மூன்று நாளில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தான். இறங்கும் இடத்தில் யாரும் பார்க்காத நேரம் என் பையை ஒரு நிமிடம் வாங்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதம் வீட்டில் பார்ப்போம் என்று காதோடு சொன்னான்.

வீட்டுக்கு வந்து அவன் அறையைச் சுத்தம் பண்ணினேன். மழையில் ஊறிய சுவருக்கு ஆள் பிடித்துப் பெயின்ட் அடித்தேன். புது மெத்தை வாங்கினேன். கடைக்காரரிடம், பால்காரரிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் மகன் இனி மாதாமாதம் வருவான் என்று சொன்னேன். அந்த இரண்டு கிழமையும் என் தொண்டை கட்டவே இல்லை.

பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பழைய கப்பலுக்கே அனுப்புகிறார்கள், இரவு விமானம், வீட்டுக்கு வந்துபோக நேரமில்லை. அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கப் பயந்தேன் என்பதுதான் சரி. மூன்று மாதம் கிழமைக்கு ஒரு தடவை போனில் பேசினோம். மழை பெய்கிறதா, மாத்திரை போட்டீர்களா, அடுப்புக்குக் கேஸ் இருக்கிறதா என்று கேட்பான். போனை வைத்த பிறகு அந்தப் புது மெத்தையைப் பார்ப்பேன். அதன் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கூப்பிட்டபோது அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. அந்தத் தாளில் மூன்று போட்டது நான்தான் என்று சொன்னேன்.

தெரியும் என்றான். மேலாளர் தாளைக் காட்டியபோதே எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டானாம். வயதானவர்கள் அதிகம் ஏறும் கப்பல். அந்த ஒரு வரிதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. பதினான்காம் மேசையில் இதை எழுதியது யார் என்று அவனையே கேட்டார்களாம். தெரியாது என்று சொல்லிவிட்டானாம்.

நான் தடுமாறிப் போனேன். அம்மாதான் எழுதினாள், அவளுக்குச் சாப்பாடு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டதால்தான் அந்தப் பெரியவரைக் கவனிக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்கள் சிரித்துவிட்டு அந்தத் தாளை எடுத்துப் போட்டிருப்பார்களே என்று கேட்டேன். எடுத்திருப்பார்கள் என்றான்.

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

போனில் கப்பல் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"பெத்த அம்மாவே இப்பிடி எழுதியிருக்காங்கன்னு அவங்ககிட்ட எப்பிடிம்மா சொல்றது? எனக்கு வெக்கமா இருந்திச்சு."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு வாய் உண்டு. அவன் மெதுவாகத்தான் சொன்னான். அவர்கள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றத்தான் பொய் சொல்லியிருக்கிறான் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்த பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

சாப்பிட்டேன் அம்மா, வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்றான். இங்கேதான் மத்தியானச் சாப்பாட்டு நேரம்; அவன் இருக்கும் தூரக் கடலில் அப்போது இன்னும் விடிந்திருக்கவில்லை.